இருநூறு மில்லிநொடி

கோப்பில் அவருக்குப் பெயர் கிடையாது. பங்கேற்பாளர் நாற்பத்தொன்று.
எனக்குத் தெரியும், அவர் வ்லஸ்திமில்.
பிர்னோ நகரத்தில் முப்பது வருடம் டிராம் ஓட்டியவர்.
கையுறைகளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு
"கடவுளா? என் தடத்தில் அப்படியொரு நிறுத்தம் இல்லை" என்றார்.
சிரித்தோம்.
இந்த ஊரில் அது யாரையும் புண்படுத்தாது.
தேவாலயங்கள் உண்டு,
மணி பார்க்க.

பாதிப் பேருக்குப் பல்வலி பற்றிய கேள்வி.
மீதிப் பேருக்கு:
இறந்த பிறகு உங்கள் உடலுக்கு என்ன ஆகும்?
இரண்டு நிமிடம், முழு வாக்கியங்களில் எழுதுக.
அவருக்கு விழுந்தது இது.
எழுதினார்: எரிப்பார்கள். சாம்பல் வாங்க மகள் வரும் நாளில்
வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.
அடுத்த வரியை ஆரம்பித்து அடித்துவிட்டிருந்தார்.
தாளை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். பார்க்கக் கூடாதுதான்.
'என் காலணிகளை'
என்பதோடு நின்றிருந்தது.

பிறகு திரை. இடப்பக்க விசை உண்டு, வலப்பக்கம் இல்லை.
யானை. உண்டு.
டிராம். உண்டு.
கடற்கன்னி. இல்லை.
கடவுள்.

இல்லை என்றுதான் அழுத்தினார்.
ஆனால் அதற்கு முன் விரல்
மழைக்கு ஒதுங்கியவன் போல
எங்கோ ஓர் இறவாரத்தில் நின்றுவிட்டு வந்தது.
இருநூறு மில்லிநொடி.
ஓர் இமைப்புக்கும் காணாது.
அவருக்குத் தெரியாது. கணினிக்குத் தெரிந்தது.

பல்வலிக்காரர்களின் விரல் எங்கும் ஒதுங்கவில்லை.
"மதம் குடியிருப்பது இந்த இடுக்கில்தான்" என்றாள் போஹ்தானா,
பென்சிலைக் கடித்தபடி.
"வாடகை கூடக் கேட்காமல் வைத்திருக்கிறார்கள், பார்."
எனக்கு அது வரைபடத்தில் ஒரு சிறு மேடு.

டிசம்பர் இருபத்துநான்கு.
மாமனார் ஸ்திபோரின் நெஞ்சைப் பிளந்து தைத்து ஒன்பது வாரம்.
எங்கள் வழக்கம், விருந்து முடிந்ததும் ஓர் ஆப்பிளைக் குறுக்கே வெட்டுவது.
விதையறை நட்சத்திரமாக இருந்தால் வரும் வருடம் எல்லோரும் சுகம்.
சிலுவையாக இருந்தால்
அடுத்த முறை மேசையில் ஒரு தட்டு குறையும்.
யாரும் நம்புவதில்லை. விளையாட்டு.
மாமனார் எல்லோரையும்விட உரக்க நம்பாதவர்,
கட்சி ஆண்ட காலத்தில் கட்சியையும் நம்பாதவர்.

அன்று விடிகாலை நான்கு மணிக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன்.
குளியல் தொட்டியில் கெண்டை மீன் ஒருமுறை புரண்டது.
சமையலறையில் திறந்த ஃப்ரிட்ஜின் வெளிச்சத்தில்
என் கணவன் ஹினெக், பாலங்கள் கட்டும் பொறியாளன்,
இரண்டு கிலோ ஆப்பிளை ஒவ்வொன்றாக
வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"புழு இருக்கிறதா என்று" என்றான்
நான் கேட்காமலே.
பிறகு அழகான நட்சத்திரம் ஒன்றைத் தேர்ந்து
இரண்டு பாதிகளையும் பல்குச்சியால் கோத்து மூடினான்.
ஒட்டிய கோட்டில் எலுமிச்சைச் சாறு தடவினான்,
கறுக்காமலிருக்க.

இரவு. கத்தியை மாமனாரிடம் கொடுத்தோம்.
பழத்தைக் கையில் எடுத்தார். கட்டைவிரல்
அந்தக் கோட்டின்மேல் வந்து
நின்றது.
எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. அளக்க ஒன்றுமில்லை என்னிடம்.
"நட்சத்திரம்!" என்றார், மிகச் சத்தமாக.
கைதட்டினோம்.
தன் பங்கை மென்று தின்றார்.
பல்குச்சியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்,
நாளைக்குத் தேவைப்படும் எதையோ போல.

ஒரு வாரம் ஆப்பிள் கூழ், ஆப்பிள் பணியாரம், மறுபடி கூழ்.
இருபத்தேழாம் தேதி குப்பையைக் கொண்டுபோகும்போது
கூடையின் அடியில்
செய்தித்தாளில் இறுக்கச் சுற்றி, மேலே நூலும் கட்டி,
ஒரு ஆப்பிள் அளவுக்கு ஏதோ.
மற்றவை எல்லாம் கூழாகியிருக்க
இது மட்டும் ஏன்?

லாரி திருப்பத்தில் வரும் சத்தம் கேட்டது.
நூலை அவிழ்க்க நேரம் இருந்தது,
தாராளமாக இருந்தது.